விலை கொடுத்த மாடு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலை கொடுத்து வாங்குகிற மாட்டைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று விட்டுவிட்டார்கள் போலும். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் மாடு வாங்கப் போகிறவர் பல்லோடு நிற்க மாட்டார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்று வயசைக் கண்டுகொண்டு, உடம்பில் சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று தடவிப் பார்த்து, பத்தடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து காலைக் கவனித்து, அப்புறம்தான் துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடிப்பார். கறவை மாடென்றால் இரண்டு வேளையும் எதிரில் நின்று கறக்கச் சொல்வார். முந்தின வேளைப் பாலைக் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டுகிற வியாபாரிகள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள்.

என் தாத்தா இந்த வித்தையில் கெட்டிக்காரர். நாலு ஊர்க்காரர்கள் மாடு பிடிக்கப் போகும்போது அவரைத் துணைக்கு அழைத்துப் போவார்கள். அவருடைய கொள்ளுப் பேரன், அதாவது என் அக்காள் மகன், 17 லட்ச ரூபாய்க்கு ஒரு மோட்டார் வண்டியைச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே, கைப்பேசியில் வந்த பன்னிரண்டு படங்களைப் பார்த்துவிட்டு வாங்கிவிடத் தீர்மானித்திருந்தான்.

சாதாரண வண்டி இல்லை. ஜெர்மன் நாட்டுப் பெரிய வண்டி. ஜீப்பின் உயரம், மாளிகையின் சொகுசு. கம்பெனிப் பெயர் நமக்கு வேண்டாம். புதிதாக வந்தபோது 60 லட்சத்துக்கு மேல் விற்றது, பத்து வயசாகும் தறுவாயில் 17 லட்சத்துக்கு நிற்கிறது. படத்தில் பார்த்தால் நேற்றுத்தான் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த மாதிரி கறுப்பாகப் பளபளக்கிறது.

பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. முதல் இரண்டு வருஷம் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனுக்கே போயிற்று. அப்புறம் ஒரு அறையில் பன்னிரண்டு பேரோடு படுத்து எழுந்து சேர்த்த பணம் இது. திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஓட்டு வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்ததும் இதற்குள் அடக்கம். தங்கைக்குத் தை மாசம் கல்யாணம். சம்பந்தி வீட்டார் வசதியானவர்கள். பெண்ணை அழைத்துப் போகும்போது அந்த வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒன்பது வருஷம் கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டினவனுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதென்றால் எப்படி?

அக்காள் இன்னும் ஒருபடி மேலே போய்விட்டாள். வண்டி வந்ததும் பிரகதாம்பாளுக்குப் புடவை சார்த்துவதாக வேண்டிக்கொண்டாகிவிட்டது. தெருவில் நாலு வீட்டுக்குச் சமாசாரமும் சொல்லியாகிவிட்டது. முன்பணம் மட்டும்தான் பாக்கி. அதற்கு முன்னால் நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம்.

"எனக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும் அக்கா?" என்றேன்.

"நீதான் கதை எழுதுறியே, கதை விடுறவனைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?" என்றாள்.

அதற்கு மேல் பேச்சில்லை.

முதலில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. 60 லட்சம் ரூபாய்ப் பொருள் பத்து வருஷத்தில் எப்படி இத்தனை மலிவாகும்? விசாரித்தபோது டில்லிக் கதை வெளியே வந்தது. டில்லியில் காற்று கெட்டுப் போனதை முன்னிட்டு, பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாதென்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோல் பங்கில் எண்ணெயே ஊற்றக் கூடாதென்றார்கள். கூச்சல் கிளம்பவே சில நாளில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் வயசை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது; டிசம்பரில் அந்தச் சலுகை பி.எஸ்.-4, அதற்குப் பிந்தைய ரகங்களுக்கு மட்டுமே என்று திருத்தியது. இந்த இழுபறியில் டில்லிச் சீமான்கள் என்ன செய்வார்கள்? ஒன்பது வயசு ஆனதும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது ஆட்சேபணை இல்லை என்ற சான்றோடு தெற்கே இறங்கி, நம்முடைய ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆயுள் வரி கட்டி, புது நம்பர் வாங்கிக்கொள்கிறது.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. டில்லிக்கு ஆகாத வண்டி திருச்சிக்கு ஆகும். ஆனால் மலிவுக்கு இப்படி ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டால், அதன் நிழலில் மற்றக் காரணங்கள் எல்லாம் சௌகரியமாக ஒதுங்கிக்கொள்ளும். "ஏனய்யா இவ்வளவு சல்லிசு?" என்றால், "டில்லி வண்டி சார்" என்று ஒரே வார்த்தை. கேட்டவர் வாயை மூடிக்கொள்கிறார்.

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்னால் காகிதத்தைப் பார்த்தேன். காகிதம் எனக்குத் தெரிந்த சரக்கு. ஆர்.சி. புத்தகத்தின் நகலை அனுப்பச் சொல்லி, மத்திய சர்க்காரின் 'பரிவாஹன்' தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் பாதி ஜாதகம் வந்துவிடுகிறது. பதிவான தேதி, எத்தனையாவது சொந்தக்காரர், இன்ஷூரன்ஸ் எதுவரை, வண்டியின் பேரில் கடன் நிற்கிறதா என்பதெல்லாம். கடன் நின்றால் பணம் கொடுத்த பாங்க்தான் உண்மையில் வீட்டுக்குப் பெரியவர். அவர் 35-ம் நம்பர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு விலகாதவரையில் வண்டி நம்முடையதாகாது. அபராதச் சலான்கள் பாக்கியா என்பதும் இன்னொரு பக்கத்தில் தெரியும். முன்பெல்லாம் இதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தாவின் தயவு வேண்டும். இப்போது திண்ணையில் உட்கார்ந்தபடியே முடிகிறது.

இன்ஷூரன்ஸ் காகிதத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி உண்டு. நஷ்ட ஈடு கேட்காதவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி. முதல் வருஷம் 20 சதவீதம். ஐந்து வருஷம் கேட்காதிருந்தால் 50 சதவீதம். அந்தத் தள்ளுபடி சொந்தக்காரரோடு போய்விடும், வாங்குகிறவருக்கு வராது. ஆனால் செய்தி மட்டும் நமக்கு வரும். பத்து வருஷ வண்டிக்குப் பழைய காகிதத்தில் தள்ளுபடி பூஜ்யம் என்றிருந்தால், சமீபத்தில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்கலாம். எங்களுக்கு வந்த காகிதத்தில் பூஜ்யம்தான் இருந்தது. கேட்டோம். "பம்பர்ல சின்னக் கீறல் சார்" என்றார் வியாபாரி.

அப்புறம் சேஸிஸ் எண். இதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல ஆசை. ஏனென்றால் நான் திருக்கோகர்ணத்துக்காரன். எங்கள் ஊரில் 1910-ல் சமஸ்தானத்தார் ஆரம்பித்த மியூசியம் இருக்கிறது. கோயிலில் மலையைக் குடைந்த பழைய குகையும், சுவர் நிறையக் கல்வெட்டும் இருக்கின்றன. சமஸ்தானத்துக் கல்வெட்டுகளையெல்லாம் தொகுத்து 1929-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே கல்லில் வெட்டின எழுத்தை நம்புகிற பழக்கம் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. எழுத்தைவிட அதைச் சுற்றியுள்ள கல்லைப் பார் என்று கல்வெட்டுப் படிக்கிறவர்கள் சொல்வார்கள். பிற்காலத்தில் செதுக்கிச் சேர்த்திருந்தால் அங்கே கல்லின் தோல் வேறாக இருக்கும்.

மோட்டார் வண்டியின் கல்வெட்டு இந்தச் சேஸிஸ் எண். உலகம் முழுவதும் 17 எழுத்து. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களும் அதில் வராது; ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதால் தள்ளிவிட்டார்கள். ஆகையால் உங்களுக்கு யாராவது காட்டுகிற எண்ணில் 'ஓ' இருந்தால், செதுக்கினவருக்குப் படிப்புப் போதாது என்று தெரிந்துகொள்ளலாம். முதல் எழுத்து பிறந்த தேசத்தைச் சொல்லும். இந்தியாவில் செய்தவை பெரும்பாலும் 'எம்' என்று தொடங்கும்; ஜப்பானில் செய்தவை 'ஜே', ஜெர்மன் வண்டிகள் 'டபிள்யூ'. இரும்பில் அடித்த எண்ணும், கண்ணாடிக்கு அடியில் தெரிகிற எண்ணும், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றிலும் புதுப் பெயிண்டோ, அரம் தேய்த்த தடமோ, வெல்டிங் தழும்போ இருந்தால் அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான்.

இதென்ன, இத்தனை சந்தேகமா என்று நினைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 23-ம் தேதி கேரளத்தில் சுங்க இலாகா செய்த சோதனையைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 'நும்கூர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பூட்டான் பாஷையில் வண்டி என்று அர்த்தமாம். பூட்டானிலிருந்து பெரிய பெரிய சொகுசு வண்டிகளை வரி கட்டாமல் கொண்டு வந்து, ராணுவத்திடமிருந்தும் வெளிநாட்டுத் தூதரகத்திடமிருந்தும் வாங்கினதாகப் போலிக் காகிதம் தயார் செய்து, ஹிமாசலப் பிரதேசம் போன்ற தூரத்து மாகாணங்களில் பதிவு செய்து, பிறகு தெற்கே விற்றார்கள் என்பது இலாகாவின் குற்றச்சாட்டு. கோயம்புத்தூரை மையமாக வைத்து ஒரு கூட்டம் இதைச் செய்ததாகவும் சொன்னார்கள். முதல் நாளே 36 வண்டிகள் பிடிபட்டன. பிரபலமான சினிமா நடிகர்கள் வீட்டுக்கும் போனார்கள். வாங்கினவர்களில், முறைப்படி பணம் கொடுத்துத்தான் வாங்கினேன் என்று கோர்ட்டுக்குப் போனவரும் உண்டு. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் வண்டி நின்றது சுங்க இலாகாவின் முற்றத்தில். பணமும் வக்கீலும் உள்ளவர்கள் பாடே அப்படியென்றால், கப்பல் பட்டறைக்காரன் என்ன செய்வான்?

நல்ல வேளையாக எங்கள் வண்டியின் எண் சுத்தமாகவே இருந்தது. மூன்றாவது சொந்தக்காரர் என்பதைத் தவிரக் காகிதத்தில் வில்லங்கம் இல்லை. ஆனால் அந்த மூன்றாவது சொந்தக்காரரைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. "அவர் டில்லியில இருக்கார் சார், கையெழுத்து எல்லாம் வாங்கி வச்சாச்சு" என்று, பூர்த்தி செய்யாத 29, 30-ம் நம்பர் படிவங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினார் வியாபாரி. இந்த வெற்றுப் படிவ வியாபாரம் நம் ஊரில் நெடுநாளைய சம்பிரதாயம். வண்டி கை மாறிக்கொண்டே போகும், பேர் மட்டும் மாறாது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கு ஒன்றில் வண்டி மூன்று கை மாறிய பிறகு விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. எப்போதோ விற்றுவிட்டு நிம்மதியாக இருந்த மனிதர் தலையில் இடி. அதை முன்னிட்டோ என்னவோ, பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி தன் கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி வந்திருக்கிறது. எங்கள் வியாபாரியிடம் அங்கீகாரச் சான்றைக் கேட்டேன். "அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றார்.

வண்டி திருச்சியில் நின்றது. புதுக்கோட்டை டவுனில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனேன். அறுபது வயசு. அம்பாஸடர் காலத்து ஆசாமி. ஆனால் மகனைக் கோயம்புத்தூரில் படிக்க வைத்து, ஸ்கேனர் கருவியும் வாங்கிப் போட்டிருக்கிறார். எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏழு மணிக்கே போய் நிற்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. போனோம். வியாபாரி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வணக்கம் சொல்லிக்கொண்டே நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு.

"காலையில வண்டிய எடுத்தீங்களா தம்பி?"

"சும்மா கழுவறதுக்கு நகர்த்தினேண்ணே."

"சரி, ஆறட்டும்" என்று மேஸ்திரி ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைப் பிரித்தார். இரண்டு மணி நேரம்! டீசல் இஞ்சினின் குணமும் குற்றமும் ஆறின இஞ்சினை முதல் தடவை கிளப்பும்போதுதான் தெரியுமாம். தேய்ந்த இஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டால் புகையும் காட்டாது, தட்டல் சத்தமும் காட்டாது. மடியைப் பெருக்கிக் காட்டுகிற வியாபாரியின் ஞாபகம் எனக்கு வந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தை அவர் வீணாக்கவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். நாலு டயரும் நாலு வயசு. கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறியைப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கண்ணாடி மட்டும் இரண்டு வருஷம் இளையது. "கதவு மாத்தியிருக்காங்க" என்றார். கதவு விளிம்பின் ரப்பரை உரித்து விரலால் தடவி, "இங்க பட்டி பார்த்திருக்கு" என்றார். பம்பர் கீறல் என்று சொன்ன விபத்து கதவு வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை முழுவதும், அடி வரைக்கும், இழுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தார். சந்தையில் மாட்டின் வாயை முகர்ந்து பார்க்கிற மாதிரி இருந்தது. வெள்ளத்தில் முழுகின வண்டியை எவ்வளவு கழுவினாலும், சுருண்டு உள்ளே கிடக்கிற பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ எவருக்கும் ஞாபகம் வராதாம். அங்கே சேற்றுக் கோடு நிற்கும். ஸ்டெப்னி கிடக்கிற பள்ளத்திலும், சீட்டுக்கு அடியில் இரும்புத் தண்டவாளத்திலும் அப்படியே. 2015 டிசம்பரில் சென்னையில் முழுகின வண்டிகள் எத்தனை! 2023 டிசம்பரில் சென்னையை மறுபடியும் புயல் அடித்தது. அதே மாசம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தாமிரபரணிச் சீமை மிதந்தது. முழுகின வண்டியைக் கிளப்பினால் காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. இஞ்சினுக்குள் இருக்கிற தண்டு வளைந்துவிடும். ரிப்பேர்ச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், முழு நஷ்டம் என்று கணக்கெழுதிக் கம்பெனிக்காரர்கள் ஈட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டியோ ஏலத்துக்குப் போகிறது. ஏலம் எடுத்தவர் அதைக் குப்பையில் போடுவதற்கா எடுக்கிறார்? இந்த ரகத்து வண்டிகளில் சீட்டுக்கு அடியில், கம்பளத்துக்கு அடியில் எல்லாம் மின்சார மூளைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அவை உடனே சாவதில்லை. ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து, பச்சைக் களிம்பு ஏறி, ஒவ்வொன்றாக மௌனமாகிவிடும்.

எங்கள் வண்டியின் பெல்ட் சுத்தம். மேஸ்திரி முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. இஞ்சினும் ஆறிவிட்டது. கிளப்பினார். நன்றாகவே கிளம்பிற்று. வியாபாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "61,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குண்ணே. டாக்டர் வண்டி!" என்றார். எதிரில் மீட்டரும் 61,400 என்று பவித்திரமாகச் சொல்லிற்று.

மேஸ்திரியின் மகன் ஸ்கேனரைச் சொருகினான். ஐந்து நிமிஷம் அது யோசித்தது. பிறகு வரிசையாகப் பழுதுகளின் பட்டியல். இந்த வண்டிகளில் ஒரு பழுது நேரும்போது, அது எத்தனையாவது கிலோமீட்டரில் நேர்ந்தது என்பதையும் அந்தந்த மூளை குறித்து வைத்துக்கொள்கிறது. கியர் பெட்டியின் மூளை, 1,38,000-வது கிலோமீட்டரில் ஒரு பழுது கண்டதாகச் சொன்னது. 61,400 கிலோமீட்டரே ஓடிய வண்டி!

"வருங்காலம் சொல்லுதுப்பா வண்டி" என்றார் மேஸ்திரி.

கண்ணுக்குத் தெரிகிற மீட்டரைத் திருத்துகிறவர்கள் மற்ற மூளைகளைத் தொடுவதில்லை, செலவு அதிகம். நான் பிரேக் பெடலின் ரப்பரைக் குனிந்து பார்த்தேன். வழவழவென்று தேய்ந்திருந்தது. பெல்ஜியத்தில் 2006 முதல் 'கார்-பாஸ்' என்று ஒரு காகிதம் உண்டு. பட்டறைக்கு வண்டி வரும்போதெல்லாம் கிலோமீட்டரைப் பொதுக் கணக்கில் ஏற்ற வேண்டும். விற்கும்போது அந்தக் காகிதத்தைக் கொடுத்தாக வேண்டும். நம் ஆர்.சி. புத்தகத்தில் கிலோமீட்டருக்கு ஒரு பத்தியே இல்லை. கம்பெனிப் பட்டறையில் சர்வீஸ் செய்த ரசீதுகளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ரசீதுகளைக் கேட்டபோது, வீடு மாற்றும்போது டாக்டர் தொலைத்துவிட்டார் என்றார் வியாபாரி. பாவம் டாக்டர்!

அமெரிக்காவில் இப்படி வந்து வாய்க்கிற வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். நாம் புது வண்டியின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறோம். அவர்கள் வண்டியையே எலுமிச்சம்பழம் என்கிறார்கள். ஜார்ஜ் அகர்லாப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் வேண்டாமென்று திருப்பி அனுப்பின, நான்காவது போட்டது. (எழுத்தாளர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.) 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். விற்கிறவனுக்கு வண்டியின் குணம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கொடுக்கத் துணிவான். நல்ல வண்டி வைத்திருக்கிறவன் அந்த விலைக்கு விற்க மனசில்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வான். சந்தைக்கு வருவது பெரும்பாலும் புளித்ததாகவே போய்விடும். எங்கள் மேஸ்திரி இந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் கீரனூரில் டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "நல்ல வண்டி புரோக்கர்கிட்ட வராது சார். அண்ணன் தம்பிக்குள்ளேயே கை மாறிடும்."

மீட்டர் விஷயத்தை மறந்துவிட்டாலும், இந்த வண்டி உழைக்குமா என்று அவரிடம் கேட்டேன். பூர்வ சரித்திரம் ஒன்று, உழைப்பு வேறொன்று என்று அவர் பிரித்துச் சொன்னார். சரித்திரம் சுத்தமாக இருந்தும் உழைக்காத ஜாதி உண்டு. இந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. பத்து வருஷத்தில் ரப்பர் வெடிப்பு விடும். நாலும் மாற்றினால் லட்சங்கள். புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேருகிற கரி தானாகவே எரிந்து சாம்பலாக வேண்டுமென்றால், வண்டி நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சூடாக ஓட வேண்டும். "உங்க அக்கா வீட்டிலிருந்து புதுக்கோட்டைக் கடைவீதிக்கும் கோயிலுக்கும் ஓட்டினா, நாலு மைல்ல என்ன சூடாகும்? அடைச்சுக்கிட்டு நிக்கும்" என்றார். உழைப்புக்குப் பேர் போன ஜப்பான் கம்பெனியையே இந்த வடிகட்டி விடவில்லை. ஆஸ்திரேலியாவில் டொயோட்டாவின் டீசல் வண்டிகள், ஃபார்ச்சூனர் உட்பட இரண்டரை லட்சத்துக்கு மேல், வடிகட்டிக் கோளாறோடு விற்கப்பட்டதாக 2022-ல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஆக, பேரைப் பார்த்து வாங்குவதும் போதாது. எந்த வருஷத்து வண்டி, எந்த இஞ்சின் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு உறைத்தது இன்னொன்று. வண்டியின் விலைதான் 60 லட்சத்திலிருந்து 17 லட்சத்துக்கு இறங்கியிருக்கிறதே தவிர, உதிரிப் பாகத்தின் விலை இறங்கவில்லை. அது இன்னும் 60 லட்ச ரூபாய் வண்டியின் பாகம்தான். சீமான் விற்றது வண்டியை மட்டும் அல்ல; செலவையும் சேர்த்துத்தான்.

அன்று ராத்திரி சிங்கப்பூருக்குப் பேசினேன். ஸ்கேனரின் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். பையன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு லட்சம் குறைக்கிறேங்கிறார் மாமா" என்றான்.

இதுதான் கஷ்டமான இடம். குறை வெளிப்பட்டதும் வியாபாரி விலையைக் குறைப்பார். குறைத்ததும் குறை மறைந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம். 15 லட்சத்துக்கு அந்த வண்டி என்றால் யாருக்குத்தான் சபலம் தட்டாது? நான் அவனுக்குப் புத்தி சொல்லப் போகவில்லை. "மாப்பிள்ளை, உன் கப்பல் பட்டறையில் ஒருத்தன் ஒரு பிளேட்டின் கனத்தைப் பொய்யாக எழுதிக் கொடுத்தான் என்று வைத்துக்கொள். கண்டுபிடித்ததும், கூலியில் பாதி குறைத்துக்கொள்கிறேன் என்கிறான். மற்ற பிளேட்டுகளை அவன் சரியாக அளந்திருப்பான் என்று கையெழுத்துப் போடுவாயா?" என்று மட்டும் கேட்டேன்.

"கப்பல் முழுகிடும் மாமா" என்றான்.

அக்காளுக்கு ஒரு வாரம் என் பேரில் மனத்தாங்கல். சந்தைக்குப் போனவன் வெறுங்கயிற்றோடு திரும்பினானாம். தெருவில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவள்தானே! கல்யாணம் தையில் நடந்தது. வாடகை வண்டியில்தான் பெண்ணை அழைத்துப் போனார்கள். சம்பந்தி வீட்டார் அதைக் கவனித்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை.

வண்டி சித்திரையில் வந்தது, மேஸ்திரி சொன்ன வழியிலேயே. அவரிடமே எட்டு வருஷமாகச் சர்வீஸுக்கு வந்துகொண்டிருந்த, டவுனிலிருக்கும் ஒரு கண்டிராக்டர் வீட்டு வண்டி. ஜப்பான் ரகம், அடிச்சட்டத்தின் மேல் உடம்பை ஏற்றினது, காற்றுப் பை கிடையாது. வெள்ளை நிறம். பளபளப்புப் போதாதென்று அக்காளுக்குக் குறை. மீட்டர் 1,12,000 என்று கூசாமல் சொல்லிற்று. ரசீதுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் தேதிவாரியாக இருந்தன. சொந்தக்காரரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வந்து எங்கள் எதிரில் கையெழுத்துப் போட்டார். 16 லட்சம். ஜெர்மன் வண்டிக்குக் கடைசியாகக் கேட்டதைவிட ஒரு லட்சம் கூட.

பையன் பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டான். வண்டி இப்போது வாசல் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எதிர் வீட்டுப் பையன் அதை எடுத்துக்கொண்டு அன்னவாசல் வரைக்கும் ஓட்டி வருகிறான். அக்காள் முன் சீட்டில். திரும்பி வந்ததும், பால் கணக்கு எழுதுகிற நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தேதியையும் மீட்டரில் உள்ள எண்ணையும் ஊற்றின டீசலையும் எழுதுகிறாள். "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு விக்கிறப்ப கேப்பான்ல?" என்றாள், பேனாவை மூடாமலே.